1பி-யும் 613-உம் சேர்ந்தால் பழுப்பா? (மறுபடியும்)

பாரிஸ்_பின்னல்: பின்னலில் சேர்க்கும் செயற்கை முடியின் நிற எண்களைப் பற்றி (1பி கறுப்பு, 613 வெளிறிய பொன்னிறம், 4 பழுப்பு) நேற்று தெத்துப்பல் இங்கே எழுதிவிட்டுப் போனது இது: "1பி ஒரு கட்டு, 613 ஒரு கட்டு, சேர்த்து இழுத்தால் அசல் பழுப்பு வரும், 4ஆம் எண்ணுக்குத் தனியாகக் காசு எதற்கு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கறுப்புக்கும் வெளிறிய பொன்னிறத்துக்கும் நடுவில் பழுப்பு ஒளிந்திருக்கிறதா என்ன? பாரிஸில் முடிக்கடைகள் நிறைந்த ஷாத்தோ தோவில் ஆப்பிரிக்க அக்காமாரோடு ஒன்பது வருடமாக நின்று பின்னுகிறேன். வருவது சாம்பல்.

தெத்துப்பல்: எட்ட நின்று பார்த்தீர்களா அக்கா? ஆறடி தள்ளிப் போனால் கண்ணே கலந்துகொள்ளும். பட்டுப்புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், தெரிவது மூன்றாவது நிறம். பழுப்புதான்.

பாரிஸ்_பின்னல்: அந்தப் புடவையைத் திருப்பிப் பிடியுங்கள், இரண்டு நிறமும் தனித்தனியாக மின்னும். என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி. கானெகாலோன் என்ற இந்தச் செயற்கை முடியின் இழைக்குள் நிறம் ஆலையிலேயே போய்விடுகிறது, ஒன்று மற்றொன்றில் ஊறாது. அரிசியையும் கறுப்பு உளுந்தையும் எத்தனை தடவை புடைத்தாலும் மாவாகாது தம்பி. போன சனிக்கிழமை ஒரு பெண் இதே கலவையைத் தானே செய்து எடுத்து வந்தாள். நாலு பின்னல் போட்டதும் 613 இழைகள் நரைமுடி மாதிரி எழுந்து நின்றன. கண்ணாடியைப் பார்த்து "இது என் பாட்டி தலை" என்றாள். அவிழ்த்தது யார்? நான்.

நூல்கண்டு: பழுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யலாமே? 4ஆம் எண்ணா, செம்பழுப்பான 30ஆ, 33ஆ? கானெகாலோன் ஜப்பானில் கானெகா கம்பெனி 1957இல் கொண்டுவந்த மோடக்ரிலிக் என்ற செயற்கை இழை, தலைமுடிச் சாயம் அதில் பிடிக்காது, அதனால்தான் கலந்து...

பாரிஸ்_பின்னல்: வரலாற்று வகுப்பு பிறகு. சாம்பல்.

லூய்ஷம்_அக்கா: நிறம் கிடக்கட்டும், வினிகர் தண்ணீரில் ஊறவைத்தீர்களா? இழை மேல் இருக்கும் அந்த வெள்ளைப் பூச்சு போகாமல் பின்னினால் தலை அரித்தே செத்துப்போவார்கள்.

பாரிஸ்_பின்னல்: போன வருடம் உங்கள் பேச்சைக் கேட்டு ஊறவைத்தேன். கடை முழுக்க ஊறுகாய் வாடை, இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள்.

லூய்ஷம்_அக்கா: அளவு சொன்னேனே, படிக்காமல் ஊற்றினால் நானா பொறுப்பு? எல்லாம் தெரிந்தவருக்கு யார் என்ன சொல்ல.

தெத்துப்பல்: பத்துத் தடவைதான் இழுத்திருப்பார்கள், வரி தெரியாமல் என்ன செய்யும்? முப்பது தடவை இழுத்தால் பழுப்பு.

பாரிஸ்_பின்னல்: முப்பது தடவை இழுத்தால் பாதி முடி தரையில். கேளுங்கள். 1பி இரண்டு பங்கு, 30 ஒரு பங்கு, மேலே ஒரு சிட்டிகை 27, அந்தத் தேன் பொன்னிறம். இரண்டு கையாலும் நடுவில் பிடித்து, இழுத்துப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். நுனி ஏற்றத்தாழ்வாக வரும், அப்படித்தான் வர வேண்டும், வெட்டிச் சமமாக்கினால் விளக்குமாறு. நிறைய வேண்டுமென்றால் ஆணிப் பலகையில் சீவுவார்கள். நிறத்துக்குச் சூடு தருவது 30-இன் செம்மைதான், 613 இல்லை. பின்னி முடித்து நுனியைக் கொதிநீரில் முக்கினால் அடங்கிவிடும்.

கேள்விக்குறி: இதைச் சவுரி என்று சொல்லக்கூடாதா? எதற்கு "பிரெய்டிங் ஹேர்"?

பாரிஸ்_பின்னல்: சவுரி முடிந்து தொங்கவிடுவது. இது அடியிலிருந்தே அவரவர் முடியோடு சேர்ந்து பின்னப்படுவது. பரதநாட்டியக் கடையில் போய்க் கேளுங்கள்.

கேள்விக்குறி: கேட்டது குற்றமா? இந்த அக்காவுக்கு எப்போதும் இப்படித்தான்.

லூய்ஷம்_அக்கா: போன வருடத்திலிருந்தே.

தெத்துப்பல்: படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். பழுப்பு.

பாரிஸ்_பின்னல்: மஞ்சள் பல்புக்குக் கீழே என் வீட்டுச் சுவரும் பழுப்புதான். பகலில், ஜன்னலோரம் வைத்து எடுங்கள்.

தெத்துப்பல்: பகலில் எனக்கு வேலை இருக்கிறது அக்கா, நாள் முழுக்க இங்கே உட்கார்ந்து எழுத முடியாது.

பாரிஸ்_பின்னல்: சாம்பல்.