உருவமும் அரூபமும் ஒரே கேன்வாஸில்: நேரில் பார்த்த அனுபவங்கள்

அடையாளம் தெரியும் உருவமும், எந்தப் பொருளையும் காட்டாத வெறும் நிறமும் வடிவமுமான அரூபமும் கலந்த ஓவியங்களை நேரில் கண்ட அனுபவம் கேட்டதற்கு வந்த பதில்கள்:

தேம்ஸ்கரை:
லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, ஆங்கிலேய ஓவியர் டர்னரின் ‘மழை, நீராவி, வேகம்’ (1844) ஓவியத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை முழுதாக விவரிக்கவில்லை. மழையும் ஆறும் வானமும் குழைந்து கிடக்கும் அந்தப் பழுப்பு மஞ்சளுக்கு நடுவே, ரயில் என்ஜினின் புகைபோக்கி மட்டும் கன்னங்கரேலென்று நிற்கிறது. ஒரு கண்ணை மூடி, நீட்டிய கட்டைவிரலால் அதை மறைத்துப் பார்த்தேன். ரயில் போய், வெறும் பூச்சு மிஞ்சியது. விரலை எடுத்ததும் மறுபடி வந்துவிட்டது. அத்துணூண்டு கறுப்பு அவ்வளவு பெரிய பரப்பை எப்படித் தாங்குகிறது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பொன்வண்டு:
மேலே சொல்லப்பட்டது அரூபமே அல்ல. அடைமழையில் இயற்கையே அப்படித்தான் தெரியும். நியூயார்க்கின் நொய்யே கேலரியில், ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1907-இல் முடித்த அடேலே ப்ளாக்-பாவர் உருவப்படத்தின் முன் நின்று பாருங்கள். முகம், தோள், கைகளில் மட்டுமே சதையும் நிழலும் உண்டு. மற்றதெல்லாம் முக்கோணங்களும் கண் வடிவங்களும் தங்கத் தாளும்தான். ஒருவர் குறுக்கே வந்ததால் நான் பக்கவாட்டில் நகர்ந்தேன். தங்கம் சட்டென்று ஒளி மாறியது. முகம் இருந்தபடியே இருந்தது. கழுத்தை ஒட்டிய அந்த அட்டிகைக்கு மேலே ஒரு பெண்ணும் கீழே வேறேதோ ஒன்றும் இருப்பதாகத் தோன்றி, சற்று அச்சமாகக்கூட இருந்தது.

முக்காலி:
பொன்வண்டு சொல்வது அலங்காரம். அலங்காரத்தையும் அரூபத்தையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். என் அனுபவம் சிறியது. ஒரு பெரியவரின் உருவப்படத்தில் முகத்தைத் தத்ரூபமாகத் தீட்டி, பின்புலம் முழுக்க வண்ணத்தை ஓவியக் கத்தியால் இழுத்துவிட்டிருந்தேன். பார்க்க வந்த அவருடைய மருமகள், “முகம் அப்படியே மாமாதான், பின்னால் இருப்பதை எப்போது வரைவீர்கள்?” என்று கேட்டார்.

இப்படிச் செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முகத்தை முடித்துவிட்டுப் பின்புலத்தைத் தொடாதீர்கள், ஒட்டவைத்தது போலாகிவிடும். முதலில் டர்பன்டைன் கலந்து மெல்லியதாக முழுப் பரப்பையும் பூசி, முகத்தின் நிழலுக்கு எடுத்த நிறத்தையே பின்புலத்திலும் இரண்டோர் இடத்தில் கொண்டுசெல்லுங்கள். ஒரு கன்னத்தின் விளிம்பைக் கூர்மையாக விட்டு, மற்றதை ஈரத்தோடு ஈரமாகக் கரைத்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்த வண்ணம் மேலேதான் வர வேண்டும். எண்ணெய் வண்ணம் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஆகவே மெதுவாக இறுகும் கொழுத்த பூச்சின்மேல் எண்ணெய் குறைந்த பூச்சு ஏறினால், மேல்பூச்சு முந்திக் காய்ந்து பிறகு வெடித்துவிடும். கத்தியால் தடிமனாக ஏற்றுகிறவர்கள்தாம் இதை அதிகம் மறக்கிறார்கள்.

சாயங்காலம்:
எவரும் செய்முறை கேட்கவில்லையே, ஐயா. உருவத்துக்கும் அரூபத்துக்கும் நடுவே கோடு எங்கே என்று சண்டையிடுகிறவர்கள் அமெரிக்க ஓவியர் டீபென்கார்னைப் பார்க்கலாம்: அரூபத்தில் பெயர் எடுத்த பிறகு 1955 வாக்கில் உருவத்துக்கு வந்து, 1967-இல் தொடங்கிய ‘ஓஷன் பார்க்’ வரிசையில் மறுபடி அரூபத்துக்கே போனார். சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய ‘சிட்டிஸ்கேப்’ (1963) முன் நின்றபோது, சாலையில் விழுந்த நிழலை ஓடு மேய்ந்த கூரை என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார் என்னுடன் வந்த நண்பர், சொல்லியும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும், முக்காலி. அந்தக் குடும்பம் படத்தை வாங்கிக்கொண்டதா இல்லையா என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே?