புதுப்பிப்பு: ஆர்கேட் (வீடியோ கேம்) பெட்டிக்குள் வெக்கை

முன்பு சொன்னது: மேல் முதுகுப்பலகையில் 120 மி.மீ. விசிறி இரண்டு, இரண்டும் வெளியே ஊதும். அது பிழை. காற்று உள்ளே வர வழியில்லாததால் பட்டன் இடுக்கெல்லாம் வன்னிப் புழுதியை இழுக்குது, சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒன்றைக் கீழே, உள்ளே ஊத மாற்றியாச்சு. விசிறியின் சட்டத்தில் உள்ள அம்புக்குறிதான் காற்றுத் திசை. அதன் முன் நைலோன் வலை: மாதம் ஒருக்காக் கழுவவேணும், பல்லியும் ஏறாது.

கீழ் விசிறிக்கு 12 வோல்ற். மேலதுக்கு, கொம்பியூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் வயரில் (12 வோல்ற்) நேர், சிவப்பில் (5 வோல்ற்) எதிர்: வித்தியாசம் 7 வோல்ற், சத்தமும் குறைவு. வெளியே போவதைவிட உள்ளே வரும் காற்று கூடினால் இடுக்கால் புழுதி வராது. சில விசிறி 7இல் கிளம்பாது, முதலே பாருங்கோ. சுவரில் இருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கோ.