மல்பெரி வில்லோடு வேட்டைக்குப் போகலாமா?

டோங்காட் வில்:
வணக்கம். எட்டு மாத வேலைக்குப் பிறகு என் முதல் மர வில் நாணேறி நிற்கிறது. பின்கட்டில் நின்ற மல்பெரி மரம்தான் அது. சின்ன வயதில் பட்டுப்புழுக்களை ஷூ பெட்டியில் வளர்த்தபோது அதில்தான் இலை பறிப்போம். மதில் எழுப்ப அதை வெட்டினார்கள். அடித்தண்டை நான் கேட்டு வாங்கினேன். முனைகளில் பெயின்ட் பூசி, ஆப்பு வைத்துப் பிளந்து, நிழலில் காய வைத்தேன். நீளம் 66 அங்குலம். நாணை 28 அங்குலம் இழுத்தால் இழுவிசை 38 பவுண்டு காட்டுகிறது.

உள்நாட்டில் உறவினர் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது. அங்கே டைக்கர் என்ற சின்ன மான் நிறைய. வரும் குளிர்காலத்தில் இந்த வில்லால் ஒன்று எடுக்க வேண்டும் என்று ஆசை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிபுடு குகையில் 60,000 ஆண்டுகளுக்கு முன்பே வில் இருந்திருக்கிறது. இன்றைய வில்களில் வரும் கப்பியும் கண்ணாடியிழையும் இல்லாமல், அந்தக் காலத்து மக்கள் போன அதே வழியில் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெருலம் தச்சர்:
தம்பி, முதல் வில்லை உடைக்காமல் நாணேற்றியதே பெரிய காரியம். என் முதல் மூன்றும் உடைந்தன. ஆனால் வேட்டை வேண்டாம்.

38 பவுண்டு என்கிறாய். எந்த நாளில் அளந்தாய்? நம் கடற்கரைக் காற்றில் மரம் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நான்கு நாள் மழை பெய்தால் அதே வில் தளர்ந்து போகும். இழுத்த வளைவும் அப்படியே தங்கிவிடும். வில்லின் வயிறு, அதாவது உன்னைப் பார்க்கும் பக்கம், நசுங்க ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரியாது. புது வில் தன் குணத்தைக் காட்ட நூற்றுக்கணக்கான அம்புகளாவது எய்ய வேண்டும். எய்து பழகுவதை மான்மீது செய்யாதே.

காட்டுத்தடம்:
தச்சர் ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாம்பல் டைக்கர் என்ன எடை இருக்கும்? பெரும்பாலும் இருபது கிலோவுக்குள். முனை சவரக்கத்தி மாதிரி இருந்து, 12 மீட்டர் தூரத்தில், பக்கவாட்டில் நிற்கும் மானின் விலாவுக்குள் போனால் 38 பவுண்டு போதும். அம்பு அடித்துக் கொல்வதில்லை, வெட்டி ரத்தம் வடியவைத்துக் கொல்கிறது. அதனால் வேகத்தைவிடக் கூர்மைதான் முக்கியம்.

கடையில் பிளாஸ்டிக் தட்டில் கறி வாங்கும் நாம், தன் கையால் செய்த வில்லோடு புல்லுக்குள் மூன்று மணி நேரம் ஊர்ந்து போகிறவனைத் தடுப்பது நியாயமில்லை. ஒன்று மட்டும் தம்பி: வில்லுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டாம் என்பதால் எதையும் எய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணைக்காரர் சம்மதமும் மாகாணத்தின் வேட்டை அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

மலைப்பாதை:
எனக்குச் சிக்கல் "அதே வழியில்" என்ற சொல்லில்தான். பள்ளிப் பிள்ளைகளை டிராகன்ஸ்பர்க் குகை ஓவியங்களுக்கு அழைத்துப் போகிறவள் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை.

முதலில் சிபுடு. அங்கே வில் எதுவும் கிடைக்கவில்லை. மரமும் நாணும் அத்தனை ஆண்டுகள் தங்காது. கிடைத்தவை சின்னக் கல் முனைகளும் ஓர் எலும்பு முனையும். கற்களில் ஒட்டியிருந்த பசை, தேய்மானம், முனை உடைந்த விதம் இவற்றை வைத்துத்தான் சுமார் 64,000 ஆண்டுகளுக்கு முன் அம்பு இருந்திருக்கலாம் என்கிறார்கள். வலுவான ஊகம், ஆனாலும் ஊகம்தான். முழு வில்லாகக் கையில் கிடைத்த மிகப் பழையவற்றில் டென்மார்க்கின் ஹோல்மகார்ட் வில் ஒன்று. எல்ம் மரம், சுமார் 9,000 ஆண்டுப் பழமை.

அடுத்தது, களஹாரி பாலைநிலத்துப் பழங்குடி வேட்டைக்காரர்களான சான் மக்களின் வில். அது உங்கள் வில் இல்லை தம்பி. ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இருக்கும், இழுக்க லேசானது. க்ரூவியா புதரின் கொம்பு, மானின் தசைநாரை முறுக்கிய நாண். அதன் பலம் வில்லில் இல்லை, நஞ்சில் இருக்கிறது. மண்ணைத் தோண்டி ஒரு வண்டின் புழுக்கூட்டை எடுத்து, உள்ளே இருக்கும் புழுவைப் பிதுக்கி அம்பில் தடவுகிறார்கள். முனையில் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் தண்டில். தவறிக் கீறினாலும் தன் கைக்குள் இறங்கக் கூடாது அல்லவா? அம்பும் ஒரே துண்டு இல்லை. மிருகம் புதரில் உரசினால் நாணல் பகுதி கழன்று விழும், நஞ்சுள்ள பகுதி உள்ளேயே நிற்கும். அப்புறம்தான் வேட்டையே தொடங்குகிறது. தடம் பார்த்து மணிக்கணக்கில், பெரிய மிருகம் என்றால் நாள்கணக்கில் பின்தொடர வேண்டும்.

அந்தத் தடம் பார்க்கும் அறிவு உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்றால் வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு "அதே வழி" என்று சொல்லாதீர்கள். இதே நேட்டாலில் 19-ஆம் நூற்றாண்டில் சான் மக்களையே துப்பாக்கியோடு மலைக்குள் துரத்தினார்கள். அவர்கள் பெயரை எடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

டோங்காட் வில்:
அக்கா, "அதே வழி" என்றது தவறு. ஒத்துக்கொள்கிறேன். சான் மக்களின் நஞ்சைத் தொடும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை.

ஆனால் அந்தப் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிபுடு கற்களில் இருந்தது தாவரப் பிசினும் காவிக்கல் பொடியும் கலந்த பசை என்று படித்துவிட்டு, வேல மரப் பிசினும் செம்மண்ணும் வைத்து நான் செய்து பார்த்தேன். பிசின் மட்டும் என்றால் காய்ந்ததும் கண்ணாடி போல் உடைகிறது, ஈரம் பட்டால் இளகுகிறது. செம்மண் அதிகமானால் பொடிகிறது. நெருப்புக்குக் கிட்டே வைத்தால் உள்ளே குமிழி வந்து பலம் போகிறது. தள்ளி வைத்தால் காயவே இல்லை. பதினோராவது தடவைதான் முனை அம்பில் நின்றது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைச் செய்தவர்களை "ஆதிகாலத்துக் காட்டு மனிதர்கள்" என்று எப்படிச் சொல்கிறோம்? கரும்பு வெட்ட 1860-க்குப் பிறகு வந்தவர்களின் பேரன் நான். இந்த மண்ணின் பழைய கைவேலையை என் கையால் தெரிந்துகொள்ள நினைப்பது தப்பா?

மலைப்பாதை:
தப்பே இல்லை. அந்தப் பதினொரு தடவையைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். ஆனால் பசை தோற்றால் யாருக்கும் வலிக்காது. மான் விஷயம் அப்படி இல்லை. சான் வேட்டைக்காரர் அடிபட்டதை விட்டுவிட்டு வீடு திரும்ப மாட்டார். நீங்கள் திங்கள்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

காட்டுத்தடம்:
அக்கா, துப்பாக்கிக்காரர்களும் தவறவிடுகிறார்கள், அவர்களும் திங்கள்கிழமை வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அனுபவசாலி ஒருவர் கூட இருந்து தடம் எடுத்தால் போதும். தம்பி விரும்பினால் நான் வருகிறேன்.

ஆனால் ஒரு கணக்கு. 12 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு இலக்கு வையுங்கள். விடியற்காலைக் குளிரில், கை சூடேறும் முன், நாளைக்கு ஒரே ஒரு அம்பு. வேட்டையில் கிடைப்பது அந்த முதல் அம்புதான். முப்பது நாளில் முப்பதும் தட்டுக்குள் விழ வேண்டும்.

டோங்காட் வில்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். ஒன்பதில் ஆறுதான் தட்டுக்குள். போன வாரம் மழை விட்டதும் தச்சர் ஐயா சொன்னபடி மறுபடி அளந்தேன். 35 பவுண்டு. நாணைக் கழற்றிய பிறகும் வில் நேராகவில்லை, ஓர் அங்குலத்துக்கு மேல் வளைந்தே நிற்கிறது.

இந்தக் குளிர்காலத்தில் போக மாட்டேன். வேட்டையே தவறு என்று மட்டும் நான் இன்னும் நம்பவில்லை அக்கா. அடுத்த ஆண்டு காட்டுத்தடம் அண்ணனோடு போவேன். முதல் நடை வில் இல்லாமல், தடம் பார்க்க மட்டும்.

வெருலம் தச்சர்:
சனிக்கிழமை பட்டறைக்கு வா. நீ அனுப்பிய படத்தில் வில்லின் கீழ்க்கை, அதாவது பிடிக்குக் கீழே உள்ள பாதி, அதன் நடுவில் ஓரிடம் மட்டும் மற்ற இடத்தைவிட அதிகமாக மடங்குவது போலத் தெரிகிறது. அங்கே இனி சுரண்டாதே. அதற்கு இருபுறமும்தான் மரம் எடுக்க வேண்டும். பவுண்டு இன்னும் குறையும், ஆனால் வில் பிழைக்கும். மிச்சம் மல்பெரித் துண்டு இருந்தால் அதையும் கொண்டு வா. வரும்போது நாணைக் கழற்றிவிடு, வெயில் காரில் நாணோடு வைக்காதே.