அத்தைக்குக் கடுக்காய் கொடுத்த செய்தி

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

மீனா அத்தை, காலை 6:42
(பலமுறை பகிரப்பட்டது) சர்க்கரை நோய் ஒரே மண்டலத்தில் ஓடிவிடும்! இரவில் ஒரு தேக்கரண்டி கடுக்காய்ப் பொடி போதும், மாத்திரையே வேண்டாம். விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

மீனா அத்தை, 6:43
நான் ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன். வயிறு லேசாக இருக்கிறது.

பெரியப்பா, 6:50
நல்ல காரியம் மீனா. கடுக்காயை மருந்துகளின் அரசன் என்று திபெத்திய வைத்தியர்களே சொல்வார்கள். அவர்கள் வணங்கும் மருத்துவ புத்தரின் கையில் இருப்பதும் கடுக்காய்தான்.

செந்தில், 7:15
அம்மா, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?

மீனா அத்தை, 7:16
அதில்தான் வேண்டாம் என்று போட்டிருக்கிறதே.

செந்தில், 7:16
கவிதா, எங்கே இருக்கிறாய்? உடனே வா.

கவிதா, 7:31
வந்துவிட்டேன். அத்தை, இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தீர்களா?

மீனா அத்தை, 7:33
198.

கவிதா, 7:33
போன மாதம்?

மீனா அத்தை, 7:36
130க்குப் பக்கத்தில் இருந்தது. பொடி வேலை செய்ய நாள் எடுக்கும் என்று நினைத்தேன்.

கவிதா, 7:44
அத்தை, உங்கள் மருத்துவரை இப்போதே அழையுங்கள். ஐந்து நாளாக மாத்திரை போடவில்லை என்று மறைக்காமல் சொல்லுங்கள். விட்டதற்கும் சேர்த்து நீங்களாக இரண்டு மாத்திரை போட்டுவிடாதீர்கள். கடுக்காயைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

பெரியப்பா, 7:52
கவிதா, மருந்துக்கடை மாத்திரைதான் விஞ்ஞானம், நம் வைத்தியம் எல்லாம் கட்டுக்கதை என்கிறாயா?

கவிதா, 8:20
இல்லை பெரியப்பா. ஆய்வு இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி சொல்வதை எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 60 சர்க்கரை நோயாளிகளுக்கு 12 வாரம் கடுக்காய்ச் சாறு அடங்கிய மாத்திரையோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வெளிவந்தது. ரத்தக் குழாய்களின் உட்சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கடுக்காய் எடுத்தவர்களுக்கு அது முன்னேறியது, கொழுப்பு அளவும் சற்றுச் சீரானது. எல்லோரும் வழக்கமான சர்க்கரை மருந்தோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். 'சேர்த்து' என்ற அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டுத்தான் இந்தச் செய்தி ஊரைச் சுற்றுகிறது.

செந்தில், 8:22
60 பேர்தானா?

கவிதா, 8:29
60 பேர்தான். மூட்டு வலிக்கு நடந்த இன்னொரு ஆய்வில் 105 பேர், 84 நாள். அங்கும் பலன் தெரிந்தது, ஆனால் சாற்றைத் தயாரிக்கும் தரப்பே அதற்குப் பணம் கொடுத்தது. அதற்காகப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். வேறொருவர் செய்து அதே விடை வந்தால் நம்பிக்கை கூடும். இன்னொன்று: இவை எல்லாம் அளவு நிர்ணயித்த சாறு, 250 அல்லது 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. நம் வீட்டுத் தேக்கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மீனா அத்தை, 9:05
மருத்துவரிடம் பேசிவிட்டேன். இன்றிலிருந்து மாத்திரை, பழைய அளவுதான். நாளை மறுநாள் நேரில் வரச் சொன்னார். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மீனா அத்தை, 9:07
ஆனால் கவிதா, ஒரு சந்தேகம். பொடியை இரும்புச் சட்டியில் வெந்நீர் விட்டு ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் மைக்கூடு கவிழ்ந்தது போலக் கன்னங்கரேல் என்று இருந்தது. கலப்படமா?

கவிதா, 9:15
கறுப்பதை வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது அத்தை, கடுக்காய் அப்படித்தான்! கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. அது இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் இப்படித்தான். வாயில் போட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அதுவும் டானின் வேலை: எச்சிலில் உள்ள புரதத்தைக் கட்டிப்போடுகிறது. தோல் பதனிடக் கடுக்காய் பயன்படுவதும் இதனால்தான்.

கவிதா, 9:16
அத்தை! நீங்கள் ரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போடுகிறீர்கள் அல்லவா? எப்போது?

மீனா அத்தை, 9:18
இரவில். பொடியோடு சேர்த்து ஒரே மடக்கில்.

கவிதா, 9:19
சட்டியில் நடந்தது வயிற்றிலும் நடக்கும். டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டால் உடம்பில் சேர்வது குறையும். இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா, 9:30
கொட்டையை எடுத்தாயா மீனா?

மீனா அத்தை, 9:31
கொட்டையோடுதான் அரைத்தேன் அண்ணா. மிக்ஸி பிளேடு மழுங்கிவிட்டது.

பெரியப்பா, 9:33
சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பார்! சுக்குக்குத் தோலைச் சீவ வேண்டும், கடுக்காய்க்குக் கொட்டையை நீக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் மெலிந்து தளர்ந்தவருக்கும் கடுக்காய் கூடாது என்பதும் வைத்திய முறைதான். அனுப்பியவனுக்கு விஞ்ஞானமும் தெரியவில்லை, வைத்தியமும் தெரியவில்லை.

கவிதா, 9:36
பெரியப்பா, இதைத்தான் நான் ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யவே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

சித்தி, 11:10
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். கடுக்காய் எதற்குமே உதவாதா?

கவிதா, 11:24
வாய் கொப்பளிக்கலாம் சித்தி. கடுக்காய் நீரில் கொப்பளித்தால் பல் சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி எச்சிலில் குறைவதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல் தேய்ப்பதை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

மீனா அத்தை, 11:40
அரைக் கிலோ பொடி கிடக்கிறது. இந்த ஜென்மம் முழுக்கக் கொப்பளித்தாலும் தீராது.

பெரியப்பா, 11:43
எனக்குக் கொடுத்துவிடு. மாடித் தளம் ஒழுகுகிறது. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத்தான் பூசுவார்கள்.

மீனா அத்தை, 11:44
அண்ணா, உங்கள் மாடிக்கு மூட்டைக் கணக்கில் வேண்டும். முதலில் கொத்தனாரைக் கேளுங்கள்.