சர்வர் கன்சோலில் தொடங்கிய வேலையை எஸ்எஸ்எச் வழியாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகக் கீழ்த்தளத்தில் டெபியன் (லினக்ஸ்) சர்வர் ஒன்று உள்ளது. அதன் விசைப்பலகையிலேயே டிடிஒய்1-இல் (சர்வரின் சொந்தத் திரையில் தெரியும் முதல் முனையம்) ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகப் பயனர்) நுழைந்து, பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்கு ஆர்சிங்க் மூலம் நகலெடுக்கத் தொடங்கிவிட்டு மேலே வந்துவிட்டேன். மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச்-இல் (வலையமைப்பு வழியே தொலைவிலிருந்து நுழையும் முறை) நுழைந்தால் புதிய ஷெல்தான் (கட்டளை தட்டும் சூழல்) கிடைக்கிறது. பிஎஸ் கட்டளை வேலை ஓடுவதைக் காட்டுகிறதே தவிர, எவ்வளவு முடிந்தது என்பதைக் காட்டவில்லை. ஒரே அமர்வை இரண்டு இடங்களிலும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

மறுமொழி 1:
எஸ்எஸ்எச்-இல் நுழையும் ஒவ்வொரு முறையும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தனியாக ஒரு போலி முனையத்தைத் (உண்மையான திரை, விசைப்பலகை இல்லாமல் மென்பொருளாகவே இயங்கும் முனையம்) தருகிறது. டிடிஒய்1-க்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் நடுவில் ஒரு நிரல் நின்று அமர்வைத் தாங்க வேண்டும். 1987 முதல் இருக்கும் குனு ஸ்கிரீனும் பின்னர் வந்த டீமக்ஸும் செய்வது அதைத்தான். அடுத்த முறை கன்சோலில் முதலில் ஸ்கிரீனைத் தொடங்கி, அதற்குள் ஆர்சிங்கை ஓட்டுங்கள். மடிக்கணினியிலிருந்து "ஸ்கிரீன் -எக்ஸ்" என்று கொடுத்தால் இரு இடங்களிலும் ஒரே திரை தெரியும், இரு பக்கமும் தட்டச்சு செய்யலாம். பலர் பழக்கத்தால் "-ஆர்" (பிரிந்துள்ள அமர்வில் மீண்டும் இணைவதற்கானது) கொடுத்துவிட்டு, அமர்வு ஏற்கெனவே இணைந்திருப்பதால் மறுக்கப்பட்டுத் திகைக்கிறார்கள். அமர்வு பயனருக்கு உரியது என்பதையும் மறவாதீர்கள்: ரூட் தொடங்கியதைச் சாதாரணப் பயனராக நுழைந்து தேடினால் பட்டியலில் எதுவும் இருக்காது. டீமக்ஸில் "அட்டாச்" என்றாலே பகிர்வுதான்.

மறுமொழி 2:
மேலே உள்ளது சரியே, ஆனால் இப்போது ஓடும் வேலைக்கு அது உதவாது. டிடிஒய்1 திரையில் தெரியும் எழுத்துகள் டெவ் (சாதனங்களுக்கான) கோப்புறையில் விசிஎஸ்1 என்ற கோப்பாகவே கிடைக்கின்றன; ரூட் உரிமையுடன் அதைப் படிக்கலாம். வரிமுறிவு இருக்காது என்பதால், கன்சோலின் அகலத்தைக் கொடுத்து, நீண்ட வரியை வெட்டும் ஃபோல்டு கட்டளை வழியே அனுப்புங்கள். தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் கான்ஸ்பை என்னும் சிறு நிரலை நிறுவிக்கொள்ளலாம். அது நீங்கள் தட்டும் விசைகளையும் கன்சோலுக்கு அனுப்பும் என்பதால், வெளியேறும் எண்ணத்தில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஆர்சிங்க் நின்றுவிடும்; எஸ்கேப் விசையை விரைவாக மூன்று முறை தட்டியே வெளியேற வேண்டும். பார்வைக்கு மட்டும் என்றால் "-வி" சேர்த்துக்கொள்ளுங்கள். ரெப்டைர் என்னும் நிரலைக் கொண்டு, ஓடும் செயலையே உங்கள் முனையத்துக்கு இடம்மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆர்சிங்க் உள்ளூர் நகலுக்கும் பல செயல்களாகப் பிரிந்து ஓடுவதால், இந்த நிலையில் நான் அதைத் தொடமாட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி. "-வி" சேர்த்துக் கான்ஸ்பையில் பார்த்தேன், நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாம் கட்டங்களாகத் தெரிகின்றன. நகல் பழுதாகிறதா?

மறுமொழி 2:
இல்லை. கன்சோலின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களே அடங்கும், உயிர்மெய்களைச் சேர்த்துக் காட்டும் திறனும் அதற்குக் கிடையாது. எஸ்எஸ்எச்-இல் நுழைந்து புதிய வட்டை எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள், பெயர்கள் ஒழுங்காகவே இருக்கும். வேலை முடிந்ததும் கீழே சென்று அந்த ரூட் அமர்விலிருந்து வெளியேறிவிடுங்கள். இப்போதைக்கு அந்த அறைக்குள் நுழையும் எவரும் அதில் தட்டச்சு செய்யலாம்.