நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது: என்ஜின் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

கோபிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006-ல் பதிவான மாருதி 800, பெட்ரோல் வண்டி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், பஸ் படி ஏற முடியாது. கோவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக இந்தக் கார்தான் எங்களுக்குத் துணை.

கோபியில் கிளம்பி நம்பியூர், சேவூர், அவிநாசி தாண்டும்வரை வெப்ப முள் பாதியிலேயே நிற்கிறது. லட்சுமி மில்ஸ் பக்கம் நெரிசலில் மாட்டினால் மட்டும் மளமளவென்று ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. கொஞ்சம் ஓட்டம் கிடைத்ததும் தானாகவே இறங்கிவிடுகிறது.

இங்கே காட்டியபோது, "ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். இந்த வருடம் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். 20 வருடம் கடந்த காருக்கு அரசுக் கட்டணமே 10,000 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்துக் கையில் பணம் இல்லை. மச்சான் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பெருந்துறைப் பட்டறை

தம்பி, என்ஜினில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். நோயின் பாதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது விசிறி. நின்றால் மட்டும் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் விசிறியின் மேல்தான் விழ வேண்டும். கேஸ்கெட் போன வண்டி பெரும்பாலும் மேட்டிலும் வேகத்திலும்தான் அதிகமாகத் திணறும். திம்பம் மலையில் நாலு வளைவு ஏறுவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் களிம்பு படிந்திருக்கிறதா? புகைபோக்கியில் வெள்ளைப் புகை அடங்காமல் வருகிறதா? கசிவு எங்கும் தெரியாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? இவை எதுவும் இல்லையென்றால் கேஸ்கெட் பேச்சை ஓரமாக வையுங்கள். பிறகு வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள்.

பல்லடம் அக்கா

பட்டறை அண்ணன் சொன்னதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விட்டுவிடும்.

கோழிப் பண்ணை வேலைக்காக நான் தினமும் பழைய மாருதி ஆம்னி வேன் ஓட்டுகிறேன். நெரிசலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவேன். என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். அம்மா உடன் இருக்கும்போது புழுக்கம்தான், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். ஓரங்கட்டி நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது தாங்கும்.

இன்னொன்று, ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு வருவதெல்லாம் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காரை பிடிப்பதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பிடித்துக்கொள்ளும்.

கோபிக்காரன்

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது. வெள்ளைப் புகை இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை. ஆனால் முள் முக்கால் வரை ஏறியும் விசிறி அசையவே இல்லை. தண்ணீர் இதுவரை வீட்டு போர் தண்ணீர்தான்.

உக்கடம் உதிரி

விசிறி மோட்டார்தான் போயிருக்கும். கோவை உக்கடம் வந்தால் பழைய மோட்டார் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கி மாட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

பெருந்துறைப் பட்டறை

மோட்டார்தான் என்று உறுதியாகாமல் எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து விசிறியின் ரிலேயை, அதாவது அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சைக் கழற்றி, அதே எண் போட்ட வேறொரு ரிலே வண்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சுழலவில்லை என்றால் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பழுது ஒயரிலோ சென்சாரிலோ இருக்கிறது. சுழலவில்லை என்றால் மின்சாரம் கொடுத்தபடியே மோட்டாரின் முதுகில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் சுழன்றால் உள்ளே கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, தேய்ந்திருக்கிறது. விரல்களை இறக்கைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உக்கடம் நண்பர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் மோட்டாருக்கும் அதே வயதுதான், அதன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற கோவை நமக்குப் பக்கம்தான். செல்ஃப் மோட்டார், டைனமோ பார்க்கும் எந்தக் கடையிலும் பிரஷ் மாற்றித் தருவார்கள்.

கோபிக்காரன்

அண்ணா, ஃபியூஸ், ரிலே இரண்டும் சரியாக இருந்தன. நேராக மின்சாரம் கொடுத்தபோது ஒரு முனகல் மட்டும் வந்தது. லேசாகத் தட்டினேன், உடனே காற்று முகத்தில் அடித்தது! கோபியிலேயே ஒரு கடையில் பிரித்துப் பார்த்தோம். ஒரு பிரஷ் நகக்கண் அளவுதான் மிஞ்சியிருந்தது, அதன் பின்னால் இருந்த சுருள் கம்பி கருத்துப்போய்க் கிடந்தது. இரண்டையும் மாற்றி, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள். கூலியோடு 450 ரூபாய். வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஓடவிட்டேன். முள் பாதியைத் தாண்டியதும் விசிறி சுழல்கிறது, இறங்கியதும் நிற்கிறது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டரை இப்போது என்ன செய்யட்டும்?

பல்லடம் அக்கா

மனம் நிறைந்தது தம்பி. குளிர்ந்த பிறகு பழைய தண்ணீரை முழுதாக வடித்து, தெளிவாக வரும்வரை அலசுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில், ரேடியேட்டருக்கென்று கடையில் விற்கும் கூலண்ட் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமலே என்ஜினை ஓடவிட்டுக் குமிழிகள் அடங்கியதும் மூடுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள், அழுத்தம் நிற்க அதுதான் காவல். வடித்ததைத் திறந்த சட்டியில் விட்டுவைக்காதீர்கள். கூலண்ட் கலந்தது இனிக்கும், நாய் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

பெருந்துறைப் பட்டறை

மிச்சமான பணத்தைப் பதிவுக்கு ஒதுக்குங்கள் தம்பி. காலாவதியாக 60 நாள் இருக்கும்போதே படிவம் 25 கொடுக்கலாம். தவறவிட்டால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். நேரில் வண்டியைப் பார்ப்பார்கள் என்பதால் விளக்குகள், பிரேக், ஹாரன் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டயர் பட்டன் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதுதான் அடுத்த செலவு. அம்மா உட்கார்ந்து வரும் வண்டி, அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.