கால் எடுத்தும் இறங்காத ஆர்பிஎம்: பழைய காடிக்காரர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

செந்தூல் வீரா

1998 புரோட்டோன் வீரா 1.5 கார், ஆட்டோ கியர். அப்பா வாங்கியது, இப்போது என் கையில். ஒரு மாலை ஜாலான் ஈப்போ ஜாமில் பிரேக்கை லேசாகத் தளர்த்தினேன், காடி முன்னால் பாய்ந்தது. எஞ்சின் சுற்றுவேகம் காட்டும் ஆர்பிஎம் முள் 1,800-இல் நிற்கிறது. வழக்கமாக 750, 800 தான். மஞ்சள் செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கூத்து, கதையை நீட்டவில்லை.

காடி பழுதுபார்க்கும் போர்மன் அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம், கடைப் பெயர் வேண்டாம். கால் எடுத்ததும் எஞ்சின் வேகத்தை அளவாகப் பிடித்து வைக்கும் ஐஎஸ்சி மோட்டார் போய்விட்டது என்றார். 380 வெள்ளி. மாற்றிய பிறகு முள் 1,500-க்கு வந்தது. "புது மோட்டார் பழகணும், ரெண்டு நாள் ஓட்டிப் பாரு தம்பி" என்றார். விளக்கு அணைந்திருந்தது, அதனால் நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். சாவியைத் திருப்பிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், அவளுக்கு பெல்ட் மாட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பேட்டரி விளக்கு எரிகிறது, ஆயில் விளக்கு எரிகிறது, ஹேண்ட்பிரேக் எரிகிறது. செக் எஞ்சின் இருக்கவேண்டிய இடம் மட்டும் இருட்டு. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். அப்போதும் இருட்டுதான். சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு ஒரு தடவை எரிந்து காட்டவேண்டும் அல்லவா? பல்ப் தானாகப் போயிருக்குமா? சரியாக அந்த வாரத்திலா? மகள் "ஏன்ப்பா போகல, லேட்டாச்சு" என்கிறாள், நான் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஆயர் ஈத்தாம் வாஜா

விளக்கை விடுங்கள் சகோ. மோட்டார் மாற்றியும் 1,500 நிற்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை வழியாக எஞ்சின் காற்று இழுக்கிறது. எனக்கும் அதுதான்.

2003 வாஜா 1.6. பினாங்குப் பாலத்து ஜாமில் ஆரம்பித்தது, 13.5 கிலோமீட்டரும் பிரேக்கை மிதித்தே வந்தேன். மூன்று கடை ஏறி இறங்கியதில் 600 வெள்ளிக்கு மேல் போனது. கடைசியில் ஒரு சீனப் பெரியவர். கடைக்கு போர்டுகூடக் கிடையாது, மாமரத்தடியில் இரண்டு காடி நிற்கும், அவ்வளவுதான். பானட்டைத் திறந்தார், ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கட்டைவிரலால் எதையோ அமுக்கினார். முள் 1,600-இலிருந்து 800-க்கு விழுந்தது. விரலை எடுத்தார், ஏறியது. வைத்தார், இறங்கியது. இதை நாலைந்து தடவை செய்தார், ஹார்மோனியம் வாசிக்கிறவர் மாதிரி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரப்பர் குழாய். வளைகிற இடத்தில் வெடித்திருந்தது. விலை 4 வெள்ளி. கூலி வேண்டாம் என்றவர் சட்டைப்பையில் 20 வெள்ளியைத் திணித்துவிட்டு வந்தேன். முந்தின மூன்று கடைக்காரர்களுக்கும் கட்டைவிரல் இல்லையா என்பதுதான் இன்னும் என் கேள்வி.

செராஸ் அண்ணன்

என் கதை சின்னது. பழைய சாகா, காற்றை அளவாக உள்ளே விடும் டிரோட்டல் பாடி அழுக்கு, கழுவினேன், சரியாகிவிட்டது.

ஆனால் இங்கே ஆளாளுக்குப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன். முதலில் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 1,200, 1,300 இருந்தால் பயப்படாதீர்கள், அது இயல்பு, சூடேறியதும் இறங்கவேண்டும். இறங்காவிட்டால்தான் கோளாறு. ஏர்கோனைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். போட்டால் கொஞ்சம் ஏறுவது சரி, அணைத்த பிறகும் ஏறியே இருந்தால் சரியில்லை. அடுத்து ஆக்சிலரேட்டர் கேபிள். விரலால் தூக்கினால் கொஞ்சம் தொய்வு இருக்கவேண்டும். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் அதுவே டிரோட்டலைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். பெடலுக்குக் கீழே கார்ப்பெட் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தாலும் ஐடில், அதாவது கால் வைக்காதபோது உள்ள ஆர்பிஎம், ஏறும். பிறகு ஆன்லைனில் மலிவாக புளூடூத் ஸ்கேனர் விற்கிறார்கள், ஒன்று வாங்கிப் போனில் ஃபியூல் டிரிம் பாருங்கள், எஞ்சின் கணினி எண்ணெயை (பெட்ரோலை) எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிளஸ் 5-க்கு இறங்கினால் காற்று இழுக்கிறது என்று அர்த்தம். எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க எஞ்சின் ஓடும்போதே குழாய்கள் மேல் கார்ப் கிளீனர் அடியுங்கள், எங்கே அடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. இத்தனையும் செய்த பிறகுதான் போர்மனிடம் போகவேண்டும். இப்போதுள்ள பிள்ளைகள் பானட் எந்தப் பக்கம் திறக்கும் என்றே...

சரி, விடுங்கள்.

பட்டர்வொர்த் கிரீஸ் கை

தொழிலே இதுதான் எனக்கு, அதனால் சும்மா போக முடியவில்லை. அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடிக்கச் சொல்கிறீர்கள். நான் படிக்கிற காலத்தில் அடித்தேன். பழைய பிளக் வயரில் கரன்ட் கசிந்துகொண்டிருந்தது, பக்கென்று பிடித்துக்கொண்டது. தாவ்கே (முதலாளி) ஈரச் சாக்கை எடுத்து அணைத்தார். என் வலது புருவத்தில் பாதி போய், இரண்டு மாதம் அம்மாவின் மை பென்சிலால் வரைந்துகொண்டுதான் வேலைக்குப் போனேன். காற்று இழுக்கிறதா என்று பார்க்க மூக்கு நீண்ட பிளையரில் துணி சுற்றி, ஒவ்வொரு குழாயாக மெல்ல நெருக்கினால் போதும். நெருக்கியதும் முள் இறங்கினால் அந்தக் குழாயைத் தொடர்ந்து போங்கள். பிரேக் பூஸ்டர் குழாயை மறக்காதீர்கள்.

இரண்டாவது, அழுக்கான டிரோட்டல் பாடி பெரும்பாலும் ஐடிலை இறக்கும், எஞ்சினை அணைய வைக்கும். ஏற்றுவது அபூர்வம். உங்களுக்குக் கழுவும்போது கேபிளோ வேறெதுவோ சேர்ந்து சரியாகியிருக்கும்.

மூன்றாவது, அந்த ஃபியூல் டிரிம் கணக்கு, உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காடிக்கு. வீரா 1.5, வாஜா 1.6 இரண்டிலும் இருப்பது இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். ஓட்டை வழியாக நுழைந்த காற்றையும் அது சேர்த்தே அளக்கும், கணினியும் அதற்கேற்ப எண்ணெய் ஊற்றும், ஆர்பிஎம் ஜம்மென்று ஏறும். டிரிம்மில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதோடு 1998 வீராவில் அந்த புளூடூத் டப்பா பேசவே பேசாது.

செந்தூல் தம்பி, உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மிட்சுபிஷி எஞ்சின் அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் சரியான முனையை எர்த் பண்ணினால் செக் எஞ்சின் விளக்கே மினுக்கிக் காட்டும். நீள மினுக்கல் பத்து, குட்டை ஒன்று. இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் 21, தண்ணீர் வெப்ப சென்சார். ஆனால் அதற்கு முதலில் பல்ப் இருக்கவேண்டும்.

கெப்போங் மைவி

அண்ணன்மார் சண்டை முடிந்ததா? 2006 மைவி. என் கணவர் எனக்குக் காடி பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம், அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு மாதமாக 1,400, விளக்கு, எண்ணெயும் சீக்கிரம் தீர்கிறது. ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 சென் இருந்த காலம், வாரத்துக்கு ஒரு டாங்கி போதும், எனக்கு ஐந்து நாளில் காலி. தம்பி ஸ்கேனர் கொண்டுவந்து மாட்டினான், பி0125 என்று வந்தது. எஞ்சின் போதுமான அளவு சூடாகவில்லையாம். மத்தியானம் ஒரு மணி, மாமாக் கடை எதிரில் நிறுத்தியிருக்கிறோம், தார் ரோடு கொதிக்கிறது. போனில் தண்ணீர் வெப்பம் 9 டிகிரி என்று காட்டுகிறது. கொடிமலை உச்சியில்கூட அந்தக் குளிர் கிடையாது. நான் எட்டி அந்த வெப்ப சென்சாரின் பிளக்கைச் சும்மா ஆட்டினேன். 9, 9, 34, 91. மறுபடி 9. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. அது எஞ்சினுக்குக் குளிர்காய்ச்சல் என்றே கணினியை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் ஐடிலை ஏற்றி எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எப்போதும் ஏர்கோன் போட்டே ஓட்டுவேன், அதனால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது, இல்லாவிட்டால் கொதித்திருக்கும் என்றான் தம்பி.

கான்டாக்ட் கிளீனர், பழைய பல் பிரஷ். தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்தது. என் கணவர் இரவில் வந்து, ஓட்டிப் பார்த்து, "நல்ல எண்ணெய் போட்டியா?" என்று கேட்டார்.

செராஸ் அண்ணன்

கேபிள் தொய்வைப் பாருங்கள் என்று நானும்தான் சொன்னேன். அதை யாரும் படிக்கவில்லை.

செந்தூல் வீரா

ஞாயிற்றுக்கிழமை மீட்டரைக் கழற்றினேன். பல்ப் கருகியிருக்கும் என்று நினைத்தேன். பல்பே இல்லை. திருகி மாட்டுகிற அந்தக் குட்டி ஹோல்டரோடு சேர்த்துக் காணவில்லை, சுத்தமான வட்ட ஓட்டை மட்டும். காடி அறுக்கிற கடையில் ஹோல்டரோடு 3 வெள்ளிக்குக் கிடைத்தது. மாட்டியதும் விளக்கு எரிந்தது. விளக்கு எரிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

கிரீஸ் கை அண்ணன் சொன்னபடி மினுக்க வைத்தேன். ஒரு நீளம், நான்கு குட்டை. 14. டிரோட்டல் பொசிஷன் சென்சார். கால் எடுத்துவிட்டேன் என்பதே கணினிக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதே கடையில் பழைய சென்சார் 60 வெள்ளி, மாட்டி, சரிபார்த்தாயிற்று. இப்போது 780. அந்த 380 வெள்ளி மோட்டாரும் உள்ளேதான் இருக்கிறது, ஒரு பாவமும் அறியாமல்.

அப்பாவிடம் வெறும் ஓட்டையைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "வேல செய்யும்போது கழண்டு விழுந்திருக்கும்பா" என்றார். மீட்டரை வெளியே இழுக்காமல் அது விழாது, அப்பாவுக்கும் தெரியும். நேற்று அம்மாவின் காடிக்கு ஆயில் மாற்ற அதே போர்மனிடம்தான் போய் வந்தார்.